நடுக்குரல்

மாற்றி ஊற்றிய வாளித் தண்ணீரும் சிவந்துவிட்டது. ஜுல்மா துணியைப் பிழிந்தாள். கணவனின் தலையை இடது கையில் தாங்கிக்கொண்டு பின்னந்தலையை மறுபடி துடைத்தாள். ரெமிக்கு முடி அடர்த்தி. உறைந்த ரத்தம் அதில் தாரைப் போல ஒட்டிக்கிடந்தது. எதிர்ப்பக்கம் நின்று தோளைப் பிடித்திருந்த ரொமானி, முகத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதும் என்றாள். ஊரில் யார் செத்தாலும் குளிப்பாட்டி உடுத்திவிடுகிற பெண் அவள். தலையணைக்கு அடியில் போகிற பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் சொன்னாள். ஜுல்மா கேட்கவில்லை. விரல்களால் முடியைப் பிரித்துப் பிரித்துத் துடைத்தாள்.

அப்போதுதான் காயம் தெரிந்தது. அடித்த காயம் இல்லை அது. குத்திய காயம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள். இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வளைந்திருந்தன, மாட்டின் இரண்டு கொம்புகளும் ஒரே நேரத்தில் இறங்கியதுபோல.

அவள் ரொமானியைப் பார்த்தாள். ரொமானி ஜன்னலைப் பார்த்தாள். சீப்பை எடுத்து, ஈரமுடியை அந்த இடத்தின்மேல் வாரிவிட்டாள்.

"இப்படி வாரிவிட்டா தெரியாது" என்றாள்.

"உங்களுக்குத் தெரியுதுல்ல?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது, ஜுல்மா. உனக்கும் தெரியாது. சிவப்ப விட்டுட்டு வந்தவ நீ. நீலத்தையும் விட்டுட்டா அப்புறம் எங்க போவ?"

பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்து ஊர் அது, ஆயிரம் பேர்கூட இல்லை. பேண்டு மட்டும் இரண்டு. ஒன்று மாதா கோயில் பேண்டு, நீலக்கொடி. இன்னொன்று பீர் ஆலை முதலாளியின் பேண்டு, சிவப்புக்கொடி. எந்தப் பேண்டில் ஊதுகிறோம் என்பதை வைத்துத்தான் எந்தக் கடையில் ரொட்டி வாங்குவது, யாரிடம் சவரம் செய்துகொள்வது, எந்த வீட்டில் பெண் எடுப்பது என்பதெல்லாம். ஆளிச்செடியை ஆற்றில் ஊறப்போட்டு நாரெடுக்கிற வேலையில் எல்லாரும் ஒரே சேற்றில்தான் நின்றார்கள். சாயந்திரம் கைகால் கழுவியதும் நீலமாகவும் சிவப்பாகவும் பிரிந்துபோனார்கள்.

ஜுல்மா பிறந்த வீடு சிவப்பு. அவளுடைய அப்பா சாகும்வரை சிவப்புப் பேண்டில், குழலை நீட்டி மடக்கி வாசிக்கிற ட்ராம்போன் ஊதினார். அண்ணன் கமில் அங்கே பெரிய ட்ரம் அடிக்கிறான். அவள் காதலித்தது ரெமியை. அவனும் ட்ராம்போன்தான், ஆனால் நீலத்தில். கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. கமில் வந்து கோயில் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனான். மாப்பிள்ளைப் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் ரெமியின் சிநேகிதன் மெடார்ட். நீலப் பேண்டுக்குக் கொடி பிடிக்கிறவன் அவன்தான். அந்தக் கொடிக்கம்பத்தின் உச்சியில் பித்தளையில் ஒரு சின்ன யாழ் இருக்கும். யாழுக்கு மேல்நோக்கி வளைந்த இரண்டு கொம்புகள். வெயிலில் அது மின்னுவதை வைத்தே பேண்டு எந்தத் தெருவில் வருகிறது என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

நேற்று ஊர்த்திருவிழா. பூசை முடிந்து நீலம் பாலத்தின் இந்தப் பக்கமிருந்து ஏறியது. சிவப்பு அந்தப் பக்கமிருந்து ஏறியது. ஒரு வண்டி போகிற அகலம்தான் பாலம். வருஷா வருஷம் யார் முதலில் கடப்பது என்று முன்கூட்டியே பேசிவைப்பார்கள். இந்த வருஷம் யாரோ பேச்சை மீறினார்கள். யார் என்று இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைக் காட்டியது. நடுப்பாலத்தில் முகத்துக்கு முகம் நின்றார்கள். யாரும் பின்வாங்கவில்லை. யாரும் ஊதுவதை நிறுத்தவும் இல்லை.

ஜுல்மா கரையில் மற்றப் பெண்களோடு நின்றிருந்தாள். இரண்டு மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடித்துக்கொள்வதை அவள் அதுவரை கேட்டதில்லை. நீலத்தின் மார்ச் என்கிற நடைமெட்டு, அடி ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து நேராக மிதித்துப் போகிற வகை. சிவப்பினுடையது, அடி ஒவ்வொன்றும் மூன்றாகத் துள்ளுகிற வகை. இரண்டும் சேர்ந்தபோது இசையாக இல்லை, ஓட்டுக்கூரை சரிவதுபோல இருந்தது. குதிரைகள் மிரண்டன. இந்த மாதிரி நின்றுவிட்டால் எந்தப் பேண்டின் தாளம் முதலில் உடைகிறதோ அது பின்வாங்க வேண்டும். அது எங்கும் எழுதிவைக்காத சட்டம். சிவப்பின் பின்வரிசையில் கமில் ட்ரம்மை அடித்த அடியில் பாலத்தின் பலகை அதிர்ந்தது. நீலத்தின் முன்வரிசையில் ட்ராம்போன்கள். சறுக்குக் குழலை நீட்டி மடக்க இடம் வேண்டும் என்பதால் ட்ராம்போன்காரர்கள் எப்போதும் முன்வரிசைதான். மற்றவன் கொடியைப் பிடுங்கிவிட்டால் அதைவிட அவமானம் இல்லை என்பதால் மெடார்ட் முன்னாலிருந்து நகர்ந்து முன்வரிசைக்குப் பின்னால் போய் நின்றான். ஜுல்மா அதைப் பார்த்தாள்.

அப்புறம் அவள் ஒன்றைக் கேட்டாள். நீலத்து வரிசையிலிருந்து ஒரு ட்ராம்போன் தன் வழியை விட்டு விலகி, கமிலின் ட்ரம்மோடு போய்ச் சேர்ந்துகொண்டது. அது ஊதியது சிவப்பின் மெட்டுகூட இல்லை. மெட்டென்றால் சின்ன ஊதுகொம்பான கார்னெட் ஊதுகிறது, ஊரில் குழந்தைகூட அதை முணுமுணுக்கும். இது மெட்டுக்குக் கீழே, தாளத்துக்கு மேலே, நடுவில் ஓடுகிற குரல்.

அந்தக் குரலைப் பற்றி ரெமி கல்யாணமான புதிதில் அவளிடம் நிறையப் பேசியிருக்கிறான். மெட்டு எல்லார் காதிலும் நிற்கும், தாளத்துக்குக் கால் தானாகக் கட்டுப்படும், நடுவில் போகிறதை மட்டும் யாரும் கேட்பதில்லை, ஆனால் அதை உருவிவிட்டால் மொத்தமும் வெறும் சுவராக நிற்கும், கூரை இருக்காது என்பான். மற்றப் பித்தளை வாத்தியங்களுக்கு விசைக்கட்டைகள் வந்து நூறு வருஷம்தான் ஆகிறது, அதை அமுக்கினால் சுரம் வந்துவிடும், அதனால்தான் ஆலைக்காரனும் உழவனும் கார்னெட்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஊர் பேண்டு கட்டினான் என்பான். ட்ராம்போனுக்கு அமுக்க எதுவும் கிடையாது. ஐந்நூறு வருஷமாக அதே சறுக்குக் குழல்தான். எந்த இடத்தில் நிறுத்தினால் எந்தச் சுரம் என்று காதுதான் சொல்ல வேண்டும். ட்ரம்மைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்த காலத்தில்கூட இதை உள்ளே விட்டார்கள், மனிதன் குரலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்று. சாவுக்கு வாசிக்க இதைத்தான் கூப்பிடுவார்கள். இதைச் சொல்லும்போது ரெமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வான், ஏதோ இப்போதே வாசிக்கப்போவதுபோல.

பாலத்தில் அந்த நடுக்குரல் கொஞ்ச நேரம்தான் கேட்டது. அப்புறம் அடிதடி. கார்னெட்டின் விளிம்பால் ஒருவன் வாயைக் கிழித்தார்கள். கிளாரினெட்காரன் ஒருவன் கீழே விழுந்து கிடக்க, அவன் விரல்களின்மேல் மரச்செருப்புகள் ஏறி இறங்கின. இரண்டு பேரைத் தூக்கி ஆளி ஊறுகிற அழுகல் தண்ணீரில் வீசினார்கள். சத்தம் அடங்கியபோது ரெமி குப்புறக் கிடந்தான். கையில் ட்ரம் அடிக்கும் கோலோடு கமில் அவன்மேல் குனிந்து நின்றிருந்தான். பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

ரெமி கண் திறக்கவே இல்லை. விடியும்போது மூச்சு நின்றது.

மத்தியானத்துக்குள் வீட்டு முற்றம் நீலத்து ஆட்களால் நிறைந்துவிட்டது. ஆளித்தட்டை அடிக்கிற கட்டை சிலர் கையில் இருந்தது. கமில் வீட்டு ஜன்னல் ஒன்றுகூட மிச்சம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அவன் ட்ரம்மைத் தேடி எடுத்துத் தோலைக் கிழித்துக் கிணற்றில் போட்டாயிற்று. ஆள்தான் கிடைக்கவில்லை. பீர் ஆலையில் ஒளிந்திருக்கிறான், கிடைத்தால் போலீஸ்காரன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார்கள். பேண்டை நடத்துகிற வாத்தியார் வலீர் வேலியோரம் தனியாக நின்று சுருட்டை அணைத்து அணைத்துப் பற்றவைத்தார். யாரையும் அவர் தடுக்கவில்லை.

மெடார்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். ரெமியின் காலடியில் நின்று அழுதான். பொய்யழுகை இல்லை. தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது. ஜுல்மா நாற்காலியிலிருந்து எழவில்லை.

"நாளன்னைக்கு அடக்கத்துக்கு நான்தான் கொடியப் பிடிச்சுட்டு முன்னாடி போவேன். பங்குச்சாமிகிட்டச் சொல்லிட்டேன்" என்றான். "கமில உயிரோட விடமாட்டோம், ஜுல்மா. உன் அண்ணன்தான். இருந்தாலும்."

"கொடி எங்க?"

"கொடியா?"

"கொடி. கம்பம்."

"கழுவப் போட்டிருக்கு. சேறு" என்றான் மெடார்ட். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் வெளியே போய்விட்டான்.

அவள் பேசியிருக்கலாம். பேசவில்லை. பேசினால் இந்த வீட்டில் இருக்க முடியாது. வீடு கோயிலுடையது. ரொட்டி யார் கொடுப்பார்கள், ஆற்றில் யார் கூட நின்று வேலை செய்வார்கள்? ரெமி இனிமேல் எழப்போவதில்லை. கமில் எங்காவது ஓடிப் பிழைத்துக்கொள்வான், பிரான்ஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் திரும்பாமல் இருந்திருக்கிறார்கள். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு அவள் செத்தவனின் கைவிரல்களை ஜெபமாலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் சத்தம் சட்டென்று நின்றது.

கமில் தெருவழியாகவே வந்திருந்தான். ஒளியவில்லை. தலையில் தொப்பி இல்லை, கறுப்புக் கோட்டு போட்டிருந்தான். மச்சானைப் பார்க்க வந்தேன், பார்த்துவிட்டுப் போலீஸிடம் நானே போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வாசல்வரை நடந்தான். அதுவரை விட்டார்கள். முதல் அடி முதுகில் விழுந்தது. ஆளி அடிக்கிற கட்டை. அவன் முழங்காலில் விழுந்ததும் மரச்செருப்புகள் சூழ்ந்துகொண்டன. அவன் கைகளால் தலையை மூடிக்கொண்டானே தவிரத் திருப்பி அடிக்கவில்லை. உடைந்த பல்லைத் துப்பிவிட்டு மறுபடி எழப்பார்த்தான். மெடார்ட் அவன் முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி இன்னொருவன் அடிக்கத் தோதாகக் காட்டினான்.

ஜுல்மா கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரெமியைக் கழுவிய வாளி அது. தண்ணீரை அப்படியே அவர்கள்மேல் வீசினாள். மெடார்டின் வெள்ளைச் சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை சிவப்பாகிவிட்டது. எல்லாரும் விலகினார்கள். என்ன தண்ணீர் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"உள்ள வாங்க" என்றாள். "எல்லாரும் வாங்க. வாத்தியாரே, நீங்களும்தான்."

கட்டைகளை வாசலில் சாய்த்துவைத்துவிட்டு வந்தார்கள். அறைக்குள் கொள்ளாமல் சிலர் வாசற்படியில் நின்றார்கள். ரொமானி குறுக்கே வந்து, செத்தவனைத் தொந்தரவு செய்யாதே என்று ஜுல்மாவின் கையைப் பிடித்தாள். ஜுல்மா கையை உதறினாள். ரெமியின் தலையைத் தூக்கித் தன் நெஞ்சோடு சாய்த்து, முடியைப் பிரித்துக் காட்டினாள்.

"பாலத்துல என் புருஷன் சிவப்புக்காரங்கள பார்த்துதானே நின்னாரு. பின்னாடி யாரு நின்னா?"

 முன்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பின்னால் நின்றவர்களுக்கு இடம் விட்டார்கள். யாழின் கொம்புகளை ஊரில் அறியாதவர் யார்? கார்னெட்காரன் ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

"மெடார்ட்" என்றாள் ஜுல்மா. "கம்பத்த எடுத்துட்டு வா."

"கழுவ..."

வாத்தியார் வலீர் அணைந்த சுருட்டைக் கையிலேயே வைத்திருந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"துணியக் கழுவலாம், மெடார்ட். பித்தளைய எதுக்குய்யா கழுவின?"

மெடார்ட் அப்படியே தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஈரச்சட்டையைப் பிடித்து உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டே இருந்தான், அது மறுபடி மறுபடி ஒட்டியது.

"அவன் அவங்களோடத ஊதினான்" என்றான். "எனக்கு முன்னாடியே நின்னுட்டு, நம்ம உடுப்பப் போட்டுட்டு. நாம எல்லாம் உயிரப் பிடிச்சுட்டு நிக்கறோம், அவன் போய் அவங்ககூடச் சேர்ந்துட்டான். ரெமி, ரெமின்னு கத்தினேன். கேக்கல. நிறுத்தணும்னுதான் குத்தினேன். கொல்லணும்னு இல்ல."

 அவன் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"மெட்டாவது தெருவுல கேட்டுப் பழகியிருக்கும்னு சொல்லலாம். அவன் ஊதினது உள்ள போற குரலு. அது அவங்க பேண்டு ஏட்டுலதான் இருக்கும். யாருடா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது? சொல்லுங்க, யாரு?"

ஜுல்மாவின் விரல்கள் ரெமியின் முடிக்குள் இருந்தன. அவை அசையவில்லை. அவளுடைய அப்பா மழைக்காலம் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து அந்தக் குரலை ஊதிப் பழகியவர். மெட்டு இல்லாமல், தாளம் இல்லாமல், அது மட்டும். அவள் சின்ன வயசில் மார்ச் என்றால் அவ்வளவுதான் என்றே நினைத்திருந்தாள். துணி துவைக்கும்போதும் உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் படுக்கையை உதறும்போதும் அவள் வாயில் இன்றைக்கும் அதுதான் ஓடும். ரெமி அடுப்பருகே உட்கார்ந்து சறுக்குக் குழலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பான். என்ன பாட்டு அது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வாசற்படியில் கமில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு கண் மூடிவிட்டது. மற்றொரு கண்ணால் தங்கையைப் பார்த்தான். 

சாயந்திரத்துக்கு முன் போலீஸ்காரர்கள் வந்து மெடார்டைக் கூட்டிப்போனார்கள். அந்தச் சட்டையை மாற்றிக்கொள்ள ரொமானி தன் மகனுடையதைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

அடக்கத்தன்று பேண்டு வேண்டாம் என்று பங்குச்சாமியே சொல்லிவிட்டார். ஊரில் யாருக்கும் அப்படி ஒரு சாவு நினைவில்லை. தாளம் இல்லாமல் சவப்பெட்டி தூக்கிப் பழகாதவர்கள் தூக்கினார்கள். ஒருவன் கால் முன்னே போனால் மற்றவன் கால் பின்தங்கியது. பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடித்துக்கொண்டே போனது. பாலம் வந்தபோது அந்தக் கரையில் சிவப்புக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். யாரும் பாலத்தில் ஏறவில்லை. கமில் மட்டும் ஏறி நடந்து வந்து ஜுல்மாவின் பக்கத்தில் சேர்ந்துகொண்டான். நீலத்து ஆட்கள் அவனுக்கு இடம் விட்டார்கள். அவளுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே இடம் விட்டார்கள். கல்லறையில் அவளிடம் கைகொடுத்தவர்கள் சீக்கிரம் கையை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு கோணிப்பை இருந்தது. வாத்தியார் அனுப்பியிருந்தார். கமில் அதைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்துப் பிரித்தான். ட்ராம்போனின் மணிவாய் நசுங்கி மூடிக்கொண்டிருந்தது. சறுக்குக் குழல் வளைந்து ஒரே இடத்தில் இறுகியிருந்தது.

ஜுல்மா காப்பி போட்டாள். திராட்சை ரொட்டியை வெட்டி வைத்தாள். கமிலுக்கு மெல்ல முடியவில்லை. ரொட்டியைக் காப்பியில் நனைத்து நனைத்து விழுங்கினான். ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டதும் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னான். பார்க்கலாம் என்றாள் அவள்.

"ஒண்ணு கேக்கணும், அண்ணே."

"கேளு."

"அது அவருக்குத் தானா வந்துச்சா? இல்ல, தெரிஞ்சுதான் ஊதினாரா? சண்ட வேண்டாம்னு."

கமில் நனைத்த ரொட்டியைக் கோப்பையோரம் வைத்தான்.

"அப்பா ஊதுற மாதிரியே இருந்துச்சு" என்றான். "எனக்குக் கையே ஓடல. தலையத் தூக்கிப் பாத்தேன். மச்சானும் என்னைத்தான் பாத்துட்டு இருந்தாரு."

"சிரிச்சாரா?"

"வாய்ல குழல வெச்சிருக்கறவன் மூஞ்சியில என்ன தெரியும், ஜுல்மா?"

அவள் தலையாட்டினாள். ட்ராம்போனைத் தன் பக்கம் இழுத்தாள். சறுக்குக் குழலின் வளைவில், வெளியே தெரியாமல் ஒரு சின்ன மூடி உண்டு. ஊதுகிற மூச்சு பித்தளைக்குள் குளிர்ந்து தண்ணீராகிவிடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அதைத் திறந்து தரையில் சொட்டவிடுவார்கள். ரெமி செய்ததைப் பார்த்த பழக்கத்தில் அவள் கட்டைவிரலால் அந்த மூடியை அழுத்தினாள்.

சில துளிகள் மேஜைப் பலகையில் விழுந்தன.

துணி அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. கமில் எழுந்து, நாற்காலி சத்தம் போடாமல் நகர்த்தி வைத்துவிட்டு, முற்றத்துக்குப் போனான். ஜன்னல் வெயில் மேஜையின் ஓரம்வரை வந்திருந்தது. அவள் கோப்பைகளைத் தள்ளி வைத்து, அந்த ஈரத்தின்மேல் நிழல் விழாதபடி கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, பிறகு, வெயில் அதை உலர்த்திவிடும் என்று தோன்றியதும், முன்னால் குனிந்து தன் நிழலை அதன்மேல் விழவிட்டாள்.